7 மடங்கு விலை, உள்ளே அதே மிஷின்: புளூ-ரே பிளேயரில் காசு எதற்குக் கொடுக்க வேண்டும்?

2010 ஜனவரி. அமெரிக்காவில் ஆடியோ, வீடியோ கருவிகளைச் சோதித்து எழுதும் 'ஆடியோஹாலிக்ஸ்' குழு, லெக்சிகன் பிடி-30 என்ற புளூ-ரே பிளேயரின் மூடியைக் கழற்றிப் பார்த்தது. விலை 3,500 டாலர். ஹோம் தியேட்டர் வைத்திருக்கும் வசதியானவர்களுக்காகவே செய்த கருவி. தடிமனான முகப்பு, கனமான பெட்டி, பெரிய பெயர்.

திறந்தால் உள்ளே இன்னொரு பிளேயர் உட்கார்ந்திருந்தது. ஓப்போ பிடிபி-83. அடிச்சட்டம், சர்க்யூட் போர்டு, டிஸ்க் டிரைவ் எல்லாம் அப்படியே. அந்த ஓப்போவைக் கடையில் தனியாக வாங்கினால் 499 டாலர். அதாவது வாடிக்கையாளர் 7 மடங்கு கொடுத்து வாங்கியது, ஒரு பெட்டிக்குள் வைத்த இன்னொரு பெட்டியை.

சிப் அதே சிப், போர்டு அதே போர்டு என்றால் திரையில் வரும் படமும் அதே படம்தான். ஆனால் மூடி கழறும் வரை 3,500 டாலர் பிளேயரில் படம் 'ஒரு படி மேலே' இருக்கும் என்று நம்பத் தயாராக இருந்தவர்கள் நிறையப் பேர்.

சம்பவம் பழசு. கேள்வி மட்டும் இன்னும் பழசாகவில்லை. 4கே டிவி வாங்கிவிட்டு, ஸ்ட்ரீமிங் படம் திருப்தியாக இல்லையே என்று டிஸ்க் பக்கம் திரும்புகிற இளைஞர்கள் இன்று அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். 200 டாலருக்கு ஒரு பிளேயர், 500 டாலருக்கு ஒன்று, 1,000 டாலருக்கு ஒன்று, 3,000 டாலருக்கும் ஒன்று. விலை ஏற ஏறப் படமும் ஏறுமா?

சுருக்கமான பதில்: ஓர் இடம் வரை ஏறும். அதற்கு மேல் ஏறுவது விலை மட்டுமே. அந்த 'ஓர் இடம்' எது என்பதை பிளேயரைவிட வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டிவிதான் முடிவு செய்கிறது.

டிஸ்கில் இருப்பது என்ன?

முதலில் கணக்கு. டிவிடியில் ஒரு ஃபிரேமில் அதிகபட்சம் 720 × 576 புள்ளிகள், சுமார் 4.15 லட்சம். 2006இல் வந்த புளூ-ரேயில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம். சரியாக 5 மடங்கு. 2016இல் வந்த 4கே அல்ட்ரா எச்டி புளூ-ரேயில் 3840 × 2160, சுமார் 83 லட்சம். இன்னும் 4 மடங்கு.

இவ்வளவு தகவல் ஒரே அளவு டிஸ்கில் எப்படி அடங்குகிறது? டிவிடி சிவப்பு லேசரில் இயங்குவது, அலைநீளம் 650 நானோமீட்டர். புளூ-ரேயின் நீல-ஊதா லேசருக்கு 405 நானோமீட்டர். அலைநீளம் குறையக் குறைய, இன்னும் பொடியான குழிகளைப் படிக்கலாம். அதனால்தான் ஓர் அடுக்கு டிவிடி 4.7 ஜிபி, ஓர் அடுக்கு புளூ-ரே 25 ஜிபி. இரட்டை அடுக்கில் 50. 4கே டிஸ்குகளில் 66 அல்லது 100 ஜிபி வரை கொள்ளும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தத் தரம் முழுக்க டிஸ்கில் இருப்பது. பிளேயர் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. டிஸ்கில் எழுதியிருப்பதைப் படித்து, விரித்து, டிவிக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. மோசமாகத் தயாரித்த டிஸ்கை 3,000 டாலர் பிளேயரில் போட்டாலும் மோசமாகத்தான் தெரியும்.

'விலை கூடினால் படம் கூடும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

அந்த நம்பிக்கை முட்டாள்தனமும் இல்லை. ஒரு காலத்தில் அது உண்மை. விசிஆர் காலத்தில், டிவிடியின் ஆரம்பக் காலத்தில், பிளேயரிலிருந்து டிவிக்குப் போனது அனலாக் சிக்னல். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை கொண்ட அந்த ஒயரைப் பலருக்கும் ஞாபகம் இருக்கும். டிஜிட்டல் தகவலை அனலாக் சிக்னலாக மாற்றும் வேலை பிளேயருக்குள்ளேயே நடந்தது. அந்தப் பாகம் நன்றாக இருந்தால் படம் பளிச், மட்டமாக இருந்தால் நிறம் கசியும், ஓரம் மங்கும். கூடுதல் காசு கொடுத்தவருக்குக் கூடுதல் படம் உண்மையாகவே கிடைத்தது.

எச்டிஎம்ஐ வந்ததும் கதை மாறியது. அதில் போவது எண்கள். புளூ-ரேயை விரிக்கும் முறைகள் தரப்படுத்தப்பட்டவை. ஒரு டிஸ்கின் ஒரு ஃபிரேமை ஒழுங்காக வேலை செய்யும் எந்த பிளேயர் விரித்தாலும் ஒரே விடைதான் வர வேண்டும். 10,000 ரூபாய் போனிலிருந்து ஜிபே பண்ணினாலும், ஒரு லட்ச ரூபாய் போனிலிருந்து பண்ணினாலும், போய்ச் சேரும் 500 ரூபாய் அதே 500 ரூபாய்தானே? அது மாதிரி.

கேபிளுக்கும் இதே விதிதான். எச்டிஎம்ஐ கேபிளில் கோளாறு இருந்தால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும், அல்லது படமே நின்று நின்று வரும். 'கறுப்பு கொஞ்சம் ஆழமாச்சு', 'நிறம் கொஞ்சம் சூடாச்சு' என்றெல்லாம் ஆகாது. 4கேவுக்கு ஏற்ற வேகச் சான்று உள்ள சாதாரணக் கேபிள் போதும்.

அப்போ வித்தியாசமே கிடையாதா?

இருக்கிறது. ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு காசு கொடுக்க வேண்டும். டிஸ்கில் உள்ளதை அப்படியே அனுப்ப முடியாமல் பிளேயர் தானாக ஒரு முடிவெடுக்க வேண்டிய இடங்களில்தான் ஒன்றுக்கொன்று வேறுபாடு வரும். அப்படிப்பட்ட இடங்கள் முக்கியமாக நான்கு.

ஒன்று, பழைய டிவிடி. 4.15 லட்சம் புள்ளிகளை 83 லட்சம் புள்ளிகள் உள்ள திரைக்கு நீட்ட வேண்டும். இல்லாத புள்ளிகளை ஊகித்து நிரப்ப வேண்டும். இன்டர்லேஸ்டு முறையில் பதிந்த படமாக இருந்தால், ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் சேர்த்து முழு ஃபிரேம் ஆக்க வேண்டும். இதில் நல்ல பிளேயருக்கும் மட்டமான பிளேயருக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கோடு போட்ட சட்டை நெளியும், மாடிப்படி ஓரம் பல்பல்லாகத் தெரியும்.

இது தமிழ் வீடுகளுக்கு நேரடியாகப் பொருந்தும் விஷயம். 2007இல் மோசர் பேர் நிறுவனம் 34 ரூபாய்க்கு ஒரிஜினல் டிவிடி விற்கத் தொடங்கிய காலத்தில் வாங்கிச் சேர்த்த படங்கள் பல வீட்டு அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன. அந்த நிறுவனம் 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. டிஸ்குகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் இதற்காகவும் பெரிய பிளேயர் தேவையில்லை. இந்தப் படம் நீட்டும் வேலையை இன்றைய நல்ல டிவிகளே செய்துவிடும். பிளேயர் அமைப்பில் வெளியீட்டை டிவிடியின் சொந்த அளவுக்கே வைத்து ஒரு தடவை, 4கேவுக்கு வைத்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் எது நன்றாகச் செய்கிறது என்று 5 நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டு, நிறத் தகவல். டிஸ்கில் வெளிச்சத் தகவல் ஒவ்வொரு புள்ளிக்கும் முழுசாக இருக்கும். நிறத் தகவல் நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கும். மீதியை யாராவது நிரப்ப வேண்டும். அதைப் பிளேயர் நன்றாகச் செய்தால் சிவப்பு எழுத்தின் ஓரம் சுத்தமாக இருக்கும். வித்தியாசம் நிஜம்தான். ஆனால் அதைப் பார்க்க டிவிக்கு ஓரடி தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் காணாமல் போய்விடும்.

மூன்று, ஃபிரேம் வேகம். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். அதை 60ஆக மாற்றி அனுப்பினால், கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் படம் விட்டுவிட்டு நகர்வது போல் இருக்கும். இதற்குத் தீர்வு விலையில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. '24பி வெளியீடு' என்ற அமைப்பை ஆன் அல்லது ஆட்டோவில் வைத்தால் மலிவான பிளேயரும் சரியாகச் செய்யும்.

நான்கு, எச்டிஆர். இதுதான் உண்மையில் காசு கேட்கும் இடம்.

எச்டிஆர்: கூடுதல் காசுக்கு அர்த்தம் உள்ள ஒரே படி

4கே டிஸ்கின் பெரிய லாபம் கூடுதல் புள்ளிகள் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரியது எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கிடைக்கும் அகலமான இடைவெளி. இங்கேதான் சிக்கலும் வருகிறது. ஸ்டூடியோவில் படத்தை 1,000 நிட் வெளிச்சம் தரும் மானிட்டரில், சில படங்களை 4,000 நிட் மானிட்டரில் வைத்துத் தயாரிக்கிறார்கள். நடுத்தர விலை டிவி பலவும் அதில் பாதிகூட எட்டாது. புரொஜெக்டர் என்றால் அதுவும் இல்லை. 

4,000 நிட்டில் இருக்கும் சூரிய வெளிச்சத்தை 500 நிட் டிவியில் எப்படிக் காட்டுவது? யாராவது அதைச் சுருக்க வேண்டும். மோசமாகச் சுருக்கினால் வானம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும், அல்லது படம் முழுக்க இருண்டு போகும். 'காசு கொடுத்து 4கே டிஸ்க் வாங்கினேன், சாதா புளூ-ரேயைவிட இருட்டா இருக்கு' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பானசோனிக் பிளேயர்களில் இதற்கென்றே 'எச்டிஆர் ஆப்டிமைசர்' என்ற வசதி உண்டு. டிவி என்ன வகை, எவ்வளவு வெளிச்சம் தரும் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் பிளேயரே சுருக்கி அனுப்பும். வெளிச்சம் குறைந்த டிவி, புரொஜெக்டர் வைத்திருப்பவருக்கு இது கண்கூடான மாற்றம். டிவியே இந்த வேலையை நன்றாகச் செய்யும் உயர்ரக மாடலாக இருந்தால் இதன் பயன் குறைந்துவிடும்.

இதோடு சேர்ந்தது டால்பி விஷன், எச்டிஆர்10+ விவகாரம். சாதாரண எச்டிஆர்10 முழுப் படத்துக்கும் ஒரே வெளிச்சக் குறிப்பை வைத்திருக்கும். மற்ற இரண்டும் காட்சிக்குக் காட்சி குறிப்பு தரும். ஆனால் டிஸ்க், பிளேயர், டிவி மூன்றுமே ஆதரித்தால்தான் பயன். சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் கிடையாது. அந்த டிவி வைத்திருப்பவர் 'டால்பி விஷன் பிளேயர்' என்று கூடுதல் காசு கொடுத்தால் அது வீண். அவருக்குப் பயன்படக்கூடியது எச்டிஆர்10+. டால்பி விஷன் உள்ள டிவி வைத்திருப்பவருக்கு நிலைமை நேர்மாறு.

விலைப் படிக்கட்டு

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் தேர்வு சுலபமாகிவிடும்.

முதல் படி, வீட்டில் ஏற்கெனவே இருக்கக்கூடியது. டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டுமே 4கே புளூ-ரே ஓட்டும். டிஸ்கில் டால்பி விஷன் இருந்தாலும் எச்டிஆர்10 ஆகத்தான் காட்டும். விசிறிச் சத்தம் கொஞ்சம் வரும். ஆனால் படம்? பெரும்பாலான ஹால்களில் போதுமானது. கேமுக்காக வாங்கிய மிஷின் வீட்டில் இருக்கும்போது முதல் நாளே தனி பிளேயர் வாங்குவது அவசரம்.

இரண்டாவது படி, அமெரிக்காவில் 200 டாலரை ஒட்டி விற்ற சோனி யூபிபி-எக்ஸ்700. டால்பி விஷன் உண்டு, எச்டிஆர்10+ கிடையாது. ஒரு தொல்லை: டால்பி விஷனை அமைப்புக்குள் போய்க் கையால் ஆன் செய்ய வேண்டும். அந்த வகை இல்லாத டிஸ்கைப் போடும்போது மறுபடி ஆஃப் செய்ய வேண்டும். அந்தச் சின்ன எரிச்சலைப் பொறுத்துக்கொண்டால் இந்த விலைக்கு நல்ல படம். இதை ஒட்டிய விலையில் பானசோனிக் யூபி420 இருக்கிறது. எச்டிஆர்10+, ஆப்டிமைசர் உண்டு. டால்பி விஷன் கிடையாது. சாம்சங் டிவிக்காரர்களுக்குப் பொருத்தம்.

மூன்றாவது படி, 2018இல் வந்த பானசோனிக் யூபி820. சுமார் 500 டாலர். டால்பி விஷன், எச்டிஆர்10+ இரண்டும் உண்டு, ஆப்டிமைசரும் உண்டு. படத்துக்காகக் கொடுக்கும் காசு அர்த்தமுள்ளதாக இருப்பது இங்கே வரைதான்.

நான்காவது படியில்தான் லெக்சிகன் கதை லேசாகத் திரும்ப வருகிறது. பானசோனிக் யூபி9000 வெளியானபோது சுமார் 1,000 டாலர், யூபி820ஐப் போல இரண்டு மடங்கு. ஆனால் படத்தைக் கையாளும் எச்சிஎக்ஸ் பிராசசர் குடும்பம் இரண்டிலும் ஒன்றுதான். கூடுதல் காசு கனமான பெட்டிக்கும், சத்தமில்லாத டிரைவுக்கும், உயர்தர அனலாக் ஆடியோ வெளியீட்டுக்கும் போகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லி விற்கும் அம்சங்கள்தான். நல்ல ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையருக்கு அனலாக் ஒயரில் பாட்டு கேட்பவருக்கு அது பெறுமானம். எச்டிஎம்ஐ ஒயரை ஏவி ரிசீவரிலோ சவுண்ட்பாரிலோ செருகுபவருக்கு அந்த ஆடியோ பாகம் வேலையே செய்யாமல் சும்மா கிடக்கும்.

அதற்கும் மேலே 3,000 டாலர் அளவில் மேக்னட்டார் யூடிபி900 போன்ற பிளேயர்கள். அவை சங்கீத ரசிகர்களுக்கும், பொருளின் உழைப்பை ரசிப்பவர்களுக்கும். 'படத்துக்காக வாங்கினேன்' என்று யாராவது சொன்னால், அந்தக் காசுக்கு இன்னும் நல்ல டிவி வாங்கியிருக்கலாம் என்பதுதான் நேர்மையான பதில்.

ஹாலில் எத்தனை அடி தூரம்?

பிளேயர் விலையைவிடப் படத்தைப் பாதிக்கும் ஒன்று காசே கேட்காது. உட்காரும் தூரம். சராசரிப் பார்வை உள்ள கண், ஒரு பாகையில் 60இல் 1 பங்கு வரை பிரித்துப் பார்க்கும். இதை வைத்துக் கணக்குப் போட்டால்:

32 அங்குல டிவியில் டிவிடியின் புள்ளிகள் சுமார் 11 அடிக்கு அப்பால் கண்ணுக்குப் பிரியாது. புளூ-ரேயின் புள்ளிகள் 4 அடிக்கு அப்பால் பிரியாது.

55 அங்குலத்தில் டிவிடிக்கு 19 அடி, புளூ-ரேவுக்கு 7 அடி.

75 அங்குலத்தில் புளூ-ரேவுக்கு ஏறக்குறைய 10 அடி.

பல அபார்ட்மென்ட் ஹால்களில் சோபாவுக்கும் டிவிக்கும் 9, 10 அடி இருக்கும். அங்கே 55 அங்குல டிவி என்றால், டிவிடியிலிருந்து புளூ-ரேவுக்கு மாறுவது கண்ணில் அடிக்கும் மாற்றம். புளூ-ரேயிலிருந்து 4கேவுக்கு மாறும்போது கூடும் புள்ளிகளைக் கண் பிரித்துப் பார்க்காது. எச்டிஆரின் வெளிச்சமும் நிறமும் மட்டும் தெரியும். அந்த டிவியில் எச்டிஆர் பெயரளவுக்குத்தான் இருக்கிறது என்றால், பழைய 1080பி புளூ-ரேயிலேயே நிம்மதியாக இருந்துவிடலாம். வித்தியாசம் பார்க்க ஆசைப்பட்டால் முதல் செலவு இல்லாத வைத்தியம், சோபாவை இரண்டடி முன்னால் தள்ளுவது.

இரண்டு பிளேயர்களை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்றும் உண்டு. பல டிவிகள் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனிப் பட அமைப்பை நினைவில் வைத்திருக்கும். முதல் துளையில் 'சினிமா', இரண்டாவது துளையில் 'விவிட்' என்று இருந்தால், ஒப்பிடுவது பிளேயர்களை அல்ல, டிவியின் இரண்டு அமைப்புகளை. ஒரே டிஸ்க், ஒரே துளை, ஒரே அமைப்பு, ஒரே காட்சியில் நிறுத்தி வைத்த ஃபிரேம். இப்படிப் பார்த்தால் கடையில் கேட்ட பாதி வித்தியாசங்கள் காணாமல் போகும்.

நெட்ஃபிளிக்ஸ் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. நெட்ஃபிளிக்ஸ் 4கேவுக்குப் பரிந்துரைக்கும் இணைய வேகம் 15 எம்பிபிஎஸ். மணிக்கு 7 ஜிபி வரை செலவாகும் என்றும் அந்நிறுவனமே சொல்கிறது. இரண்டரை மணி நேரப் படம் என்றால் சுமார் 17 ஜிபி. அதே படம் 66 அல்லது 100 ஜிபி டிஸ்கில் வரும்போது நான்கைந்து மடங்கு இடம் இருக்கிறது. சாதாரணக் காட்சிகளில் இது தெரியாது. இருட்டுக் காட்சி, புகை, மழை, கூட்டம், தண்ணீர் ஆகியவற்றில் தெரியும். ஸ்ட்ரீமிங்கில் இருட்டு கட்டம் கட்டமாகவோ பட்டை பட்டையாகவோ உடையும் இடத்தில் டிஸ்க் அமைதியாக இருக்கும். 200 டாலர் பிளேயரில் ஓடும் டிஸ்குக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் உள்ள இந்த இடைவெளி, 200 டாலர் பிளேயருக்கும் 3,000 டாலர் பிளேயருக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரியது. பேச வேண்டிய ஒப்பீடு இதுதான்.

இன்னொரு காரணம் படத் தரத்தைத் தாண்டியது. 2023 டிசம்பரில், பிளேஸ்டேஷன் கடையில் காசு கொடுத்து 'வாங்கிய' டிஸ்கவரி நிகழ்ச்சிகள் வாடிக்கையாளர் கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு புது ஒப்பந்தம் போட்டு அந்த மாதமே முடிவு தள்ளிவைக்கப்பட்டது. ஆனால் பாடம் பாடம்தான். கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது: திரும்பப் பெறக்கூடிய உரிமத்தை விற்கும் டிஜிட்டல் கடைகள், அது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. 2025 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது. அலமாரியில் இருக்கும் டிஸ்குக்கு அப்படிப்பட்ட சட்டம் தேவைப்படவில்லை.

இந்தியாவில் வாங்குபவர் பார்க்க வேண்டியவை

சாதாரண புளூ-ரே டிஸ்குகளுக்கு மண்டலப் பூட்டு உண்டு. இந்தியா 'சி' மண்டலம், அமெரிக்கா 'ஏ', பிரிட்டன் 'பி'. டிவிடியில் இந்தியா 5ஆவது மண்டலம், அமெரிக்கா 1. அமெரிக்காவில் இருக்கும் அண்ணனிடம் சொல்லி பிளேயர் வரவழைத்தால், வீட்டில் உள்ள பழைய டிவிடிகள் அதில் ஓடாமல் போகலாம். 4கே டிஸ்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. எந்த நாட்டு 4கே டிஸ்கும் எந்த நாட்டு 4கே பிளேயரிலும் ஓடும்.

அதைவிட ஆபத்தானது மின்சாரம். அமெரிக்க மாடல்களில் சில 120 வோல்ட்டுக்கு மட்டுமே. நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. பின்பக்க லேபிளைப் படிக்காமல் ஆர்டர் போடக் கூடாது.

படங்களின் கணக்கையும் போட வேண்டும். 4கே டிஸ்க் சந்தை பெரும்பாலும் ஆங்கிலப் படங்களை நம்பியே இருக்கிறது. ஒரு டிஸ்க் 20 முதல் 35 டாலர், அதன் மேல் கூரியர், வரி. ஆண்டுக்கு 3 படம் வாங்கப் போகிறவருக்கும் 30 படம் வாங்கப் போகிறவருக்கும் ஒரே பிளேயர் பெறுமானமாக இருக்காது. தமிழ்ப் படங்கள் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு, இன்றைய நிலையில் 4கே பிளேயர் அவசரச் செலவு இல்லை.

பயத்துக்குக் கொடுக்கும் விலை

இப்போது இந்தச் சந்தையில் புதிதாக ஒரு விற்பனைத் தந்திரம் நடமாடுகிறது: 'இப்பவே வாங்கிடுங்க, இனிமே வராது'. அதில் பாதி உண்மை. ஓப்போ டிஜிட்டல் 2018 ஏப்ரலில் பிளேயர் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2019 பிப்ரவரியில் சாம்சங், அமெரிக்கச் சந்தைக்குப் புது மாடல் கொண்டுவருவதில்லை என்று சொன்னது. 2024 முடிவில் எல்ஜியும் விலகியது. நெட்ஃபிளிக்ஸ் தபாலில் டிவிடி அனுப்பும் சேவையை 2023 செப்டம்பர் 29இல் மூடியது. பெரிய பெயர்களில் மீதி இருப்பவை சோனி, பானசோனிக்.

இந்தப் பயம் விலையாக மாறுவது எப்படி என்பதற்கு ஓப்போவே உதாரணம். 549 டாலருக்கு விற்ற யூடிபி-203, தயாரிப்பு நின்ற பிறகு பழைய சந்தையில் புதுசின் விலையைவிட அதிகத்துக்குப் போனது. ஒரு காலத்தில் 3,500 டாலர் பெட்டியின் குட்டை உடைத்த அதே பெயருக்கே பிறகு அந்த மரியாதை விலை வந்தது வேடிக்கைதான். ஆனால் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே சுற்றுவது மோட்டார், தேய்வது லேசர் தலை. தயாரிப்பு நின்ற மிஷினுக்கு உதிரிப் பாகம் கிடைப்பது கஷ்டம், புது டிஸ்குகளுக்கான மென்பொருள் புதுப்பிப்பும் நின்றுபோகலாம். இரண்டு மடங்கு கொடுத்துப் பழையதை வாங்குவதைவிட, வாரண்டியோடு புது நடுத்தர பிளேயர் வாங்குவதே புத்திசாலித்தனம்.

கடைசியாக, வரிசை

கையில் ஒரு தொகை இருக்கிறது, வீட்டில் சினிமா நன்றாகத் தெரிய வேண்டும் என்றால் செலவு செய்ய வேண்டிய வரிசை இதுதான். முதலில் டிவி. அடுத்து உட்காரும் தூரமும், அறையின் வெளிச்சமும், டிவி அமைப்பும். அடுத்து நல்ல டிஸ்குகள். கடைசியில்தான் பிளேயர்.

டிவிடிகளும் 43 அங்குலத்துக்குள் டிவியும் உள்ள வீட்டுக்குச் சாதாரண புளூ-ரே பிளேயர் போதும். கேம் கன்சோல் இருப்பவர் முதலில் அதில் டிஸ்க் போட்டுப் பார்க்கட்டும். டால்பி விஷன் டிவிக்கு எக்ஸ்700 தரம், சாம்சங் டிவிக்கு யூபி420 தரம். புரொஜெக்டரோ வெளிச்சம் குறைந்த டிவியோ வைத்துக்கொண்டு நிறைய 4கே டிஸ்க் பார்ப்பவர் யூபி820 வரை போகலாம். அதற்கு மேல் போகிறவர், காதுக்காகப் போகிறோம் என்று தெரிந்தே போக வேண்டும்.

500 டாலர் பிளேயருக்கும் 1,000 டாலர் பிளேயருக்கும் நடுவே மிச்சமாகும் காசில் 15, 20 படங்கள் வரும். விருந்தாளி வந்தால் கனமான முகப்பைப் பார்த்து 'அட' என்று ஒரு தடவை சொல்வார். படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம், யாரும் வந்து எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள்.